ஐந்தில் ஒரு பங்கு

2022 செப்டம்பரில் அந்த வீடியோ என் போனுக்கு வந்தபோது நான் சென்னையில் அலுவலக கேன்டீனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு பெட்டிக்கடை. வெளியே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சிலர் தின்பண்டம் கேட்டு நிற்கிறார்கள். கடைக்காரர் கொடுக்க மாட்டேன் என்கிறார். ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்க தெருப் பிள்ளைகளுக்கு எதுவும் கொடுக்கக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். பிள்ளைகள் கொஞ்ச நேரம் நிற்கிறார்கள். பிறகு போய்விடுகிறார்கள். அவ்வளவுதான் வீடியோ.

ஊர் பாஞ்சாகுளம். எங்கள் சங்கரன்கோவில் வட்டத்தில், கரிவலம்வந்தநல்லூர் காவல் நிலைய எல்லைக்குள் இருக்கிறது. பிள்ளைகள் தலித் பிள்ளைகள். வீடியோ பரவியதும் கடைக்குச் சீல் வைத்தார்கள், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைது செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் சில மாதங்களுக்கு ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடை விதித்தது.

நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். வீடியோவைப் பகிர்ந்து, மேலே நாலு வரி எழுதினேன். 'என் மண் இப்படித்தான் இருக்கிறது, வெட்கப்படுகிறேன்' என்கிற மாதிரி. நிறைய பேர் விருப்பக்குறி போட்டார்கள். சாயங்காலம் ஒரு போன் வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவன். திருப்பூரில் பனியன் கம்பெனியில் பல வருஷம் இருந்துவிட்டு ஊருக்கே திரும்பியவன்.

"பாத்தேன்ல, நீ எழுதினதை. நல்லா எழுதியிருக்க."

"வேற என்ன செய்யச் சொல்லுத? மனசு கேக்கல."

"அந்தக் கடைக்காரரு எவ்வளவு மெதுவாப் பேசுதாரு கவனிச்சியா? ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. அதே மாதிரி மெதுவாப் பேசினவன் ஒருத்தனை எனக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டான். அவன் யாரைச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன். முன்னால் சொன்னால் நீங்கள் என்னைப் பற்றி மட்டும் யோசிப்பீர்கள். எனக்கு இந்த ஊரைப் பற்றியும் பேச வேண்டும்.

*

சங்கரன்கோவில் சண்டையில் பிறந்த ஊர் என்று சொல்வேன். தலபுராணம் அப்படித்தான் தொடங்குகிறது. சங்கன், பதுமன் என்று இரண்டு நாக அரசர்கள். சங்கனுக்குச் சிவன்தான் பெரியவர், பதுமனுக்குத் திருமால்தான் பெரியவர். வாதம் முற்றி அம்பாளிடம் போகிறார்கள். அம்பாள் தீர்ப்புச் சொல்லவில்லை. தான் தவம் இருக்கப் போகிறாள். அந்தத் தவத்துக்கு இரங்கி இறைவன் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் ஒரே உடம்பில் காட்சி தருகிறார். வலப்பக்கம் சங்கரன், இடப்பக்கம் நாராயணன். கோயிலை உக்கிரபாண்டியன் கட்டினான் என்பது ஐதீகம். இன்றைக்கும் சங்கரநாராயணர் சன்னிதியில் திருநீறும் உண்டு, தீர்த்தமும் உண்டு. பிரசாதமாகப் புற்றுமண் கொடுப்பார்கள்.

ஆடித் தபசு அன்றைக்கு ஊர் தாங்காது. சுற்றுக் கிராமத்துச் சம்சாரிகள் வயலில் விளைந்ததைக் கொண்டுவந்து, காட்சி கொடுக்கிற நேரத்தில் வீசுவார்கள். பருத்தி, மிளகாய் வத்தல், நெல் என்று அந்தந்த வீட்டு வெள்ளாமை. நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் தபசுக்குப் போகக் கூடாது என்று சட்டம். ஆனால் அன்றைக்கு அத்தை, மாமா, ஒன்றுவிட்ட பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அம்மா காலையிலேயே சமையலை முடித்துவிடுவாள். சாயங்காலம் மொட்டைமாடியில் நின்று கூட்டம் பார்ப்போம். அப்பா மட்டும் உள்ளே உட்கார்ந்து வேதம் வாசிப்பதுபோல் இருப்பார். வாண வேடிக்கைச் சத்தம் கேட்டதும் அவரும் மேலே வந்துவிடுவார்.

எனக்கு அந்தக் கதையில் சின்ன வயதிலிருந்தே ஒரு விஷயம் பிடிக்கும். சண்டை போட்டது இரண்டு பாம்பு, தவம் இருந்தது அம்பாள். குற்றத்துக்குச் சம்பந்தம் இல்லாத ஒருத்தி ஒற்றைக் காலில் நிற்கிறாள். இதை ஒருமுறை ஞாயிறு பள்ளியில் சொல்லி அடி வாங்கினேன். அடித்த டீச்சர் மேல் வருத்தம் இல்லை. நான் கேட்ட கேள்வி அவருக்குப் பயமாக இருந்திருக்கும்: "இயேசப்பா செஞ்சதும் இதுதானே டீச்சர்?"

இல்லை என்று இப்போது எனக்குத் தெரியும். இரண்டும் வேறு வேறு கதைகள், வேறு வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. தபசுக் கதையின் கேள்வி யார் பெரியவர் என்பது. சிலுவைக் கதையின் கேள்வி, செய்த தப்பை என்ன செய்வது என்பது. முதல் கேள்விக்கு 'இரண்டு பேரும் சமம்' என்ற பதில் போதும். இரண்டாவது கேள்விக்கு அந்தப் பதில் போதாது. பாஞ்சாகுளம் வீடியோவுக்குப் பிறகு நான் யோசித்துக்கொண்டிருப்பது இந்த வித்தியாசத்தைத்தான்.

*

கட்டுப்பாடு என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டு அரசியலில் அந்தச் சொல்லுக்குப் பெரிய மரியாதை உண்டு. கடமை, கண்ணியம், கட்டுப்பாடு. அண்ணா தன் கட்சிக்குக் கொடுத்த மூன்று சொற்கள். மூன்றில் நடுவில் இருக்கிற கண்ணியம்தான் நான் பேச வந்தது. எதிரியோடு எப்படிப் பேசுவது, தோற்றவனை எப்படி நடத்துவது என்பதற்கு நம்மிடம் இருக்கிற நல்ல சொல் அது.

அதற்கு நம்மிடம் உதாரணமும் உண்டு. 1949-இல் பெரியாரை விட்டுப் பிரிந்து அண்ணா தனிக்கட்சி தொடங்கினார். அடுத்த பதினெட்டு வருஷம் இரண்டு தரப்பும் மேடையில் பேசிக்கொண்டது சாதாரணப் பேச்சு அல்ல. 1967 தேர்தலில் பெரியார் காமராஜரை ஆதரித்து, தி.மு.க.வுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தார். தி.மு.க. ஜெயித்தது. பதவி ஏற்பதற்கு முன்பே அண்ணா திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார்.

இன்னொன்று, ராஜாஜி. அவர் 1953-இல் கொண்டுவந்த கல்வித் திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தவர் பெரியார். 1954-இல் ராஜாஜி முதலமைச்சர் பதவியை விட்டுப் போனார். ஆனால் அவர்கள் நட்பு விட்டுப்போகவில்லை. 1972 டிசம்பர் 25 அன்று, 94 வயதில் ராஜாஜி இறந்தார். சுடுகாட்டுக்குச் சக்கர நாற்காலியில் வந்த 93 வயதுப் பெரியார் அழுதார். கடவுள் இல்லை என்றவர், கீதையும் ராமாயணமும் எழுதியவருக்காக, ஒரு கிறிஸ்துமஸை ஒட்டி அழுகிறார். எங்கள் வீட்டில் அப்பா இதை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்வார். "அரசியல்னா அப்படி இருக்கணும்டா" என்று முடிப்பார்.

நானும் பல காலம் அப்படித்தான் நினைத்தேன். இன்றைய டிவி விவாதங்களையும் ஐ.டி. விங் வசவுகளையும் பார்க்கும்போது அந்தக் காலத்துக் கண்ணியம் ஏக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் பாஞ்சாகுளம் கடைக்காரர் என் ஏக்கத்தைக் கெடுத்துவிட்டார். அவர் குரலில் வெறுப்பு இல்லை, வசவு இல்லை. பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்கிற குரல் அது. கண்ணியத்தின் வெளி அடையாளங்கள் எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தன. அண்ணாவின் மூன்றாவது சொல்லும் இருந்தது, கட்டுப்பாடு. நம் கிராமங்களில் அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம். ஊர்க் கட்டுப்பாடு என்றால் தண்ணீர் கிடையாது, சாமான் கிடையாது, வேலை கிடையாது, பேச்சு கிடையாது. அதைக் கத்திச் சொல்ல வேண்டியதுகூட இல்லை.

அப்போதுதான் புரிந்தது. பெரியாரும் ராஜாஜியும் ஒருவரை ஒருவர் எதிர்த்தார்கள், ஆனால் ஒருவர் இன்னொருவருக்குக் கடையை மூடவில்லை. அவர்கள் நடுவில் இருந்தது கருத்து. கருத்து வேறுபாட்டுக்குக் கண்ணியம் போதும். அநியாயத்துக்குப் போதாது. அநியாயம் நடந்த இடத்தில் வெறும் கண்ணியம் என்பது அநியாயத்துக்கு எண்ணெய் போடுவது மாதிரி. சத்தம் வராமல் ஓடும்.

*

பாஞ்சாகுளத்துக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் செய்திகள் சொன்ன கதை இது. முன்பு இரு தரப்புக்கும் ஒரு தகராறு நடந்து போலீஸ் வழக்கு ஆனது. பிறகு ஆதிக்கத் தரப்பைச் சேர்ந்த ஒருவர் ராணுவத்தில் சேர அந்த வழக்கு தடையாக இருந்தது. வழக்கை ராசி பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள். தலித் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் கட்டுப்பாடு.

ராசி. எங்கள் பக்கத்தில் யாருக்கும் விளக்க வேண்டாத சொல். "விடுங்க அண்ணாச்சி, ராசியாப் போயிருவோம்." கேட்க எவ்வளவு நல்ல வார்த்தை! சமாதானம், ஒற்றுமை, விட்டுக்கொடுத்தல் எல்லாம் அதில் இருக்கிற மாதிரி தெரியும். ஆனால் ராசி பேச யார் வருகிறார்கள், யாரிடம் வருகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அடித்தவன் தரப்பு, அடிபட்டவனிடம் வரும். நடந்ததை யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'மறந்துரு' என்பதுதான் ஒப்பந்தம். மறக்க மாட்டேன் என்றால் ஒற்றுமையைக் கெடுக்கிறவன் நீதான்.

1937-இல் ஜெர்மனியில் போன்ஹோஃபர் என்ற பாதிரியார் இதற்கு ஒரு பெயர் வைத்தார், மலிவான கிருபை. மனந்திரும்பாமல் கிடைக்கிற மன்னிப்பு, விலை கொடுக்காமல் கிடைக்கிற கிருபை. ஹிட்லரை எதிர்த்ததற்காக 1945 ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அவர் பேசியது தன் சபையைப் பற்றித்தான். நானும் என் சபையைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

*

என் அப்பாவின் அம்மா கழுகுமலைப் பக்கம். சங்கரன்கோவிலிலிருந்து பஸ்ஸில் சீக்கிரம் போய்விடலாம். வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் பார்க்க நீங்கள் போயிருப்பீர்கள். ஆச்சி சொல்கிற கழுகுமலை வேறு. 1895-ஆம் வருஷத்துக் கழுகுமலை.

நாடார்கள் தேரோடும் வீதிகளில் ஊர்வலம் போகக் கூடாது என்பது அப்போது நிலை. ஜமீனும் கோயிலும் விடவில்லை, சட்டமும் கைகொடுக்கவில்லை. ஒரு பகுதியினர் கத்தோலிக்கத்தில் சேர்ந்தார்கள். தேர் வீதியிலேயே ஒரு ஜெபக்கூடம் வந்தது. அந்த வருஷம் பங்குனித் தேர் வந்தபோது தகராறு வெடித்தது. எட்டயபுரம் ஜமீன் தரப்பு அதிகாரி உட்படப் பலர் செத்தார்கள், வீடுகள் எரிந்தன. நாலு வருஷம் கழித்து, 1899 ஜூனில், சிவகாசியில் அதைவிடப் பெரிய கலவரம். தெற்கே பல ஊர்களில் நாடார் வீடுகள் கொள்ளை போயின.

ஆச்சி இதை அடிபட்டவர்கள் கதையாகத்தான் சொல்வாள். அது உண்மையும்கூட. தெருவில் நடக்கிற உரிமைக்காகச் செத்தார்கள். ஆனால் அவள் சொல்லாத ஒன்று எனக்குப் பிற்பாடு உறுத்தியது. அந்த ஜெபக்கூடம் கும்பிடுவதற்கு மட்டும் கட்டியது அல்ல, தேருக்குப் பதில் சொல்லவும் கட்டியது. அதில் குற்றம் கண்டுபிடிக்க எனக்கு வாய் வரவில்லை. வேறு ஆயுதம் இல்லாதவன் வேதத்தை எடுத்தான். ஆனால் ஆயுதமாக எடுத்த வேதம் பிறகு ஆயுதமாகவே இருந்துவிடும் ஆபத்து உண்டு.

வடக்கன்குளத்தில் அது நடந்தது. அங்கே 1872-இல் கட்டிய திருக்குடும்ப ஆலயத்தில் வெள்ளாளக் கத்தோலிக்கர் ஒரு பக்கம், நாடார் முதலான மற்றவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு நீளக் கூடங்கள், பீடத்தில் வந்து சேரும். கால்சட்டையை விரித்துப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசையை இரண்டு சாதியும் காணலாம். 1910-இல் தடுப்பை உடைத்தார்கள். வெள்ளாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1917-இல் சென்னை உயர் நீதிமன்றம், ஆலயத்துக்குள் சாதிக்குத் தனி இடம் கேட்கும் உரிமை கிடையாது என்று சொல்லிவிட்டது.

சங்கரநாராயணரை நினைத்துப் பாருங்கள். இரண்டு தரப்பு, ஒரு உடம்பு, நடுவில் சுவர் இல்லை. வடக்கன்குளத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு பீடம், இரண்டு உடம்பு, நடுவில் சுவர். ஒரே ஆண்டவரின் ஒரே உடம்பைப் பங்கிட்டு உண்கிற ஒரு மதம் இந்தக் கட்டடத்தைக் கட்டியது. ஒப்பிட்டுப் பார்க்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. எல்லாம் அந்தக் காலம் என்று தள்ளவும் முடியாது. 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கம் எறையூரில் வன்னியக் கத்தோலிக்கருக்கும் தலித் கத்தோலிக்கருக்கும் மோதல் வந்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தவக்காலம் அது.

தெருவில் நடக்க விடாதவர்களை எதிர்த்து நின்ற எங்கள் ஆட்கள், அடுத்த தெருக்காரனை நடக்க விட்டார்களா? எங்கள் சபைத் தேர்தலில் எந்த ஓட்டு யாருக்கு விழும் என்பதை வேதத்தை வைத்துச் சொல்ல முடியாது, தெருவை வைத்துச் சொல்லிவிடலாம். அடிபட்டவன் பேரன் என்பது நற்சான்றிதழ் அல்ல. எனக்கு அது ரொம்ப நாள் நற்சான்றிதழாக இருந்தது.

*

இப்போது அந்தப் பழைய சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் அட்டோன்மென்ட் என்பார்கள். பதினாறாம் நூற்றாண்டில் வில்லியம் டிண்டேல் வேதத்தை மொழிபெயர்த்தபோது எடுத்தாண்ட சொல். பிரித்தால் 'ஒன்றாக இருத்தல்' என்று வரும். நம் வேதாகமத்தில் இதற்கு ஒரே சொல் கிடையாது. பாவநிவிர்த்தி, கிருபாதார பலி, ஒப்புரவு என்று இடத்துக்குத் தக்கபடி வரும். ஒப்புரவு என்பது வள்ளுவர் ஓர் அதிகாரத்துக்கே வைத்த பெயர். குறளில் அது ஊருக்கு உதவி வாழ்வது. வேதத்தில் அது பகைத்தவர்கள் சேர்வது. ஊருக்கு உதவாத சேர்க்கை ஒப்புரவு ஆகாது என்று நான் இரண்டையும் சேர்த்து வாசித்துக்கொள்கிறேன். பண்டிதர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

லேவியராகமம் 16-ஆம் அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வரும். ஒன்றைப் பலியிடுவார்கள். இன்னொன்றின் தலையில் ஆசாரியன் கைவைத்து, ஜனங்களின் பாவத்தையெல்லாம் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு விரட்டிவிடுவான். தமிழ் வேதத்தில் அதற்கு அருமையான பெயர், போக்காடு. போக்கிவிடப்பட்ட ஆடு.

பிரெஞ்சு அறிஞர் ரெனே ஜிரார் இந்த ஆட்டைப் பற்றி வாழ்நாள் முழுக்க எழுதினார். ஒரு கூட்டத்துக்குள் பகை முற்றும்போது எல்லாரும் சேர்ந்து ஒருத்தன் தலையில் பழியைப் போட்டு விரட்டுவார்கள், உடனே கூட்டம் அமைதியாகும், அந்த அமைதியைப் புனிதம் என்று நினைத்துக்கொள்வார்கள் என்பது அவர் சொன்னது. சுவிசேஷக் கதையில் புதிதாக நடப்பது, விரட்டப்பட்டவன் குற்றமற்றவன் என்று கதையே சொல்லிவிடுவது. கடவுள் கைவைக்கிற ஆசாரியன் பக்கத்தில் இல்லை, ஆட்டின் பக்கத்தில் நிற்கிறார்.

எங்கள் பிரசங்கங்களில் கேட்டது வேறு மாதிரி. பதினோராம் நூற்றாண்டு முடிவில் ஆன்செல்ம் எழுதிய நூலிலிருந்து இறங்கிவந்த வாதம் அது. மனுஷன் கடவுளுக்குக் கடன்பட்டான், அடைக்க முடியவில்லை, கிறிஸ்து அடைத்தார், கணக்கு முடிந்தது. இதில் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போகவில்லை. ஆனால் இந்தக் கணக்கில் ஒரு ஆள் காணாமல் போகிறார். நான் யாருக்குத் தப்புச் செய்தேனோ அந்த ஆள். எனக்கும் கடவுளுக்கும் கணக்கு முடிந்துவிட்டால் அவர் எங்கே போவார்?

வேதத்திலேயே பதில் இருக்கிறது, நாங்கள்தான் அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் திருப்பிவிடுகிறோம். அதே லேவியராகமத்தில் குற்றநிவாரண பலி என்று ஒன்று உண்டு. அயலானை ஏமாற்றினவன் பலி கொண்டுவருகிற நாளிலேயே, எடுத்ததை முழுசாகவும் அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டியும் உரியவன் கையில் கொடுக்க வேண்டும். மலைப்பிரசங்கத்தில் இயேசு இன்னும் ஒரு படி போகிறார். காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டு என்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போக வேண்டும். குறை உனக்கு அவன்மேல் இருந்தால் என்று இல்லை, அவனுக்கு உன்மேல் இருந்தால். ராசிப் பேச்சின் திசையே இங்கே மாறிவிடுகிறது. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொல்கிறார்.

தென்னாப்பிரிக்காவில் 1996-இல் டெஸ்மண்ட் டூட்டு தலைமையில் உண்மை, ஒப்புரவு ஆணையம் உட்கார்ந்தபோது பொதுமன்னிப்புக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள். செய்ததை முழுசாகச் சொல்ல வேண்டும். அந்த ஆணையத்தின் மேல் நியாயமான குறைகள் உண்டு. உண்மை வந்த அளவுக்கு நஷ்டஈடு வரவில்லை. ஆனால் முதலில் உண்மை, பிறகு ஒப்புரவு என்ற வரிசையை அவர்கள் பெயரிலேயே வைத்தார்கள். நம் ஊர் சமாதானக் கூட்டங்களில் முதலில் டீ, பிறகு கையெழுத்து, பிறகு போட்டோ.

*

இனி நான் தள்ளிப்போட்டது.

1995 ஜூலையில் சங்கரன்கோவில் பக்கத்து வீரசிகாமணியில் ஒரு பஸ் தகராறு. அது பற்றித் தென்மாவட்டம் முழுக்க எரிந்தது. ஆகஸ்ட் கடைசியில் கொடியன்குளத்தில் போலீஸ் நடத்திய சூறையாடல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1997-இல் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையெல்லாம் அரசாங்கம் எடுத்ததும் தெரிந்திருக்கும். அந்த 1995-இல் நான் பத்தாம் வகுப்பு.

ஒருநாள் சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் எங்கள் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் அவனை மறித்தார்கள். பையைப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார்கள். புத்தகங்களை மிதித்தார்கள். சாதியைச் சொன்னார்கள். அவன் ஒரு கல்லை எடுத்தான். ஒருத்தன் நெற்றியில் ரத்தம். நான் ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஆரம்பத்திலிருந்து பார்த்தது நான் ஒருத்தன்தான்.

மறுநாள் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். நல்ல மனிதர், அன்பாகத்தான் கேட்டார். "யாரு முதல்ல ஆரம்பிச்சான்னு பாத்தியாய்யா?" மூன்று பேரில் ஒருவன் எங்கள் சபை மூப்பர் மகன். வெளியே ஆட்கள் கூடியிருந்தார்கள். நான் மெதுவாக, மரியாதையாகச் சொன்னேன்: "நான் பாக்கல சார்."

அவனுக்கு டி.சி. கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் அமைதியானது. பாடம் நடந்தது. அடுத்த ஞாயிறு நான் கோயிலில் திருவிருந்து எடுத்தேன். பிறகு நான் என்ஜினியரிங், அவன் திருப்பூர்.

போக்காடு என்ற சொல்லை நான் எப்போது வாசித்தாலும் எனக்கு வனாந்தரம் தெரிவதில்லை. டி.சி.யோடு பஸ் ஸ்டாண்டில் அப்பாவோடு நிற்கிற ஒரு பதினைந்து வயதுப் பையன் தெரிகிறான்.

இடையில் 2010 வாக்கில் ஒருமுறை 'அன்னைக்கு நடந்ததுக்கு சாரிடா' என்று செய்தி அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது. என் பங்கை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ராசி!

2022-இல் அந்த போன். அடுத்த வருஷம் தபசுக்கு ஊருக்குப் போனபோது அவன் வீட்டுக்குப் போனேன். காப்பி கொடுத்தார்கள். நான் பேசத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினான்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத? எனக்குத்தான் தெரியுமே. நடந்தது எனக்குத்தானல நடந்துச்சு."

பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். மகள் வந்தாள். அவளும் பத்தாம் வகுப்பு.

"இவகிட்டச் சொல்லு. எங்க அப்பா மண்டைய உடைச்சு டி.சி. வாங்கினவருன்னுதான் ஊர்ல இவளுக்குச் சொல்லியிருக்காங்க. இவளோட வாத்தியாரே சொல்லியிருக்காரு. நீ சொல்லு, என்ன நடந்துச்சுன்னு."

சொன்னேன். பை, சாக்கடை, புத்தகம், என்ன வார்த்தை சொன்னார்கள், நான் எங்கே நின்றேன், என்னிடம் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிஷம் கிடையாது. அந்தப் பிள்ளை கேட்டது ஒரே கேள்வி.

"ஏன் மாமா அன்னைக்குச் சொல்லல?"

பயம் என்று சொல்ல வாய் எடுத்தேன். முழு உண்மை அதுவும் இல்லை. "சொன்னா எனக்கு நஷ்டம். சொல்லாட்டி உங்க அப்பாவுக்குத்தான் நஷ்டம். அதனால சொல்லல." அவள் தலையை ஆட்டினாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அவள் அப்பாவும் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்பதுதான் கேவலம்.

கிளம்பும்போது வாசலில் சொன்னான்: "இதை எழுது. எழுதுறவன்தான நீ. என் பேரு போடாத, பள்ளிக்கூடம் பேரும் வேண்டாம். அந்த சார் பாவம், செத்துப்போனாரு. நீ செஞ்சதை மட்டும் எழுது."

அது நடந்து பத்து நாள்கூட ஆகவில்லை, 2023 ஆகஸ்டில் நாங்குநேரிச் செய்தி வந்தது. ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்று நிறைய நல்ல யோசனைகள். எல்லாம் வேண்டும். ஆனால் நான் படித்த அறையில் யார் கையிலும் கயிறு இல்லை. ஒரு பையனின் பொய் இருந்தது, அவ்வளவுதான்.

கண்ணியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரியார் அழுததை அப்பா சொன்ன மாதிரியே என் பிள்ளைக்கும் சொல்வேன். ஆனால் கூடவே இதையும் சொல்வேன்: பகையைக் கண்ணியம் ஆற்றும், தப்பை ஆற்றாது. அதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும், எடுத்ததைத் திருப்ப வேண்டும், மேலே ஐந்தில் ஒரு பங்கும் வைக்க வேண்டும். நான் எடுத்தது ஒருத்தனின் பத்தாம் வகுப்பையும் அதற்குப் பிறகு வந்திருக்கக் கூடியதையும். அதைத் திருப்ப என்னால் ஆகாது. எனக்குப் பதிலாக ஒருவர் சிலுவையில் அடைத்தார் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை அவன் வீட்டுக்குப் போகாமல் இருக்க எனக்குக் கிடைத்த சீட்டு அல்ல. போவதற்குத் தெம்பு, அவ்வளவே.

அந்தத் தபசன்று அவன் வீட்டிலிருந்து திரும்பும்போது கூட்டம் வீதியை அடைத்துக்கொண்டு நின்றது. என் தலையில் மிளகாய் வத்தல் ஒன்று வந்து விழுந்தது. யாரோ ஒரு சம்சாரி தன் விளைச்சலில் ஒரு பங்கை வீசியிருக்கிறார். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் அம்மா அதைப் பார்த்தாள். எங்கே போய்விட்டு வந்தாய் என்று கேட்கவில்லை. வாங்கி அஞ்சறைப் பெட்டியில் போட்டுவிட்டாள்.

அவன் சொன்ன மாதிரி எழுதிவிட்டேன். இது அவன் கணக்கில் எவ்வளவு ஆகும் என்று அவன்தான் சொல்ல வேண்டும்.